இன்னா சொல்லுது?

22 ஜனவரி 2024, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன். ஆபீசில் கிருஷ்ணப்பன் சாரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். மகிழினி பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் கையைக் கடித்துவிட்டாளாம். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றிருந்தாள்.

“ஏன் கடிச்சாள்னு நீங்களே கேளுங்கம்மா” என்றார் டீச்சர்.

கேட்டேன். அதாவது, வாயைப் பெரிதாகத் திறந்து “ஏன்?” என்று காட்டினேன். அவள் தலையைத் தொட்டாள். ஜன்னலைக் காட்டினாள். இரண்டு கையையும் விரித்தாள். மறுபடி தலை, ஜன்னல், கை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டாள்.

எனக்குப் புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கூட்டி வந்தேன். எதற்கு மன்னிப்பு என்று தெரியாமலே. ஏழு வருஷம் கூடவே இருக்கிறேன். அவளுக்குப் பசித்தால் தெரியும், தூக்கம் வந்தால் தெரியும். மனசில் என்ன ஓடுகிறது என்று? தெரியாது. ஒன்றுமே தெரியாது.

24 ஜனவரி

எழிலன் தூத்துக்குடி லோடு முடித்துவிட்டு வந்தார். கடித்த கதையைச் சொன்னேன். மகளை மடியில் உட்காரவைத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, “சொல்லு... ப்பா... ப்பா...” என்றார். அவள் அவர் உதட்டைப் பார்த்து “ஃபா” என்று காற்றை விட்டாள். அவருக்கு அது போதும்.

“பாத்தியா, வந்துகினு கீது. இன்னும் ரெண்டு வருசம், படபடன்னு பேசும் பாரு.”

காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பே சரியாக வளரவில்லை, மெஷின் வைத்தாலும் ஆபரேஷன் பண்ணினாலும் பலன் இல்லை என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு இரண்டு வயது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டோம். அவர் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார்: “கையை ஆட்ட விடாதீங்க. கை வந்தா வாய் வராது.” அதனால் இந்த வீட்டில் அவள் கையைத் தூக்கினால் இறக்கிவிடுவது பழக்கம்.

அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ட்ரெய்லர் லாரியில் நாள் கணக்கில் தனியாகப் போகிறவர். “அப்பா” என்று ஒரு குரல் வரும் என்று காத்திருக்கிறார்.

4 பிப்ரவரி, ஞாயிறு

எழுதாமல் இருக்க முடியவில்லை.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அவளுக்குத் துணி எடுக்கலாம் என்று திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினோம். எதிர் சீட்டில் நாலைந்து இளைஞர்கள். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை, ஆனால் அந்தப் பெட்டியிலேயே அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான். கைகள் அப்படிப் பறந்தன. ஒரு பெண் ஏதோ சொல்ல, மற்றவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

மகிழினி என் கையை விட்டுவிட்டு நடுவில் போய் நின்றாள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் தன் காதைத் தொட்டு, இவளைக் காட்டி, என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். ஃபோனில் தட்டி என்னிடம் நீட்டினாள்: “என் பெயர் அனிஷா. எனக்கும் காது கேட்காது. ஞாயிறுதோறும் ராயபுரத்தில் சைகை மொழி வகுப்பு எடுக்கிறேன். அம்மா அப்பாக்களுக்கும் உண்டு. வாருங்கள்.”

வண்ணாரப்பேட்டை வந்துவிட்டது. மகிழினி இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

துணி எடுக்கவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

11 பிப்ரவரி

போனோம். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏழெட்டுப் பிள்ளைகள், நாலு அம்மாக்கள். அப்பாக்கள் யாரும் இல்லை.

என் விரல்கள் மரக்கட்டை மாதிரி இருக்கின்றன. “தண்ணீர்”, “சாப்பாடு”, “அம்மா”, “வா”. மகிழினி ஒருமுறை பார்த்தால் போதும், திருப்பிச் செய்கிறாள். என் தப்பைப் பார்த்து என் விரலை மடக்கிச் சரிசெய்கிறாள்.

எழிலனிடம் இன்னும் சொல்லவில்லை. கொச்சியில் இருக்கிறார். வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

17 பிப்ரவரி

சொன்னேன். சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, “உன் இஷ்டம். எம்முன்னாடி வேணாம்” என்றார்.

10 மார்ச், ஞாயிறு

தெரிந்துவிட்டது!

அனிஷா வகுப்பில் பிள்ளைகளை “உங்களுக்குக் கோபம் வந்த ஒரு நாள்” என்று சொல்லச் சொன்னாள். மகிழினி எழுந்து நின்று சொன்னாள். நானே படித்தேன், பாதியை. மீதியை அனிஷா போர்டில் எழுதிக் காட்டினாள். பக்கத்து பெஞ்சுப் பெண் இவள் தலையிலிருந்த பட்டாம்பூச்சி கிளிப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள். கிளிப் எங்கே என்று டீச்சர் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

தலை. ஜன்னல். கை இரண்டையும் விரித்தது, “போயே போச்சு”.

அவள் அன்றைக்கே எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

திரும்பும் வழியில் வேறு கிளிப் வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் வேண்டாம், நீலம் என்றாள். “என்றாள்” என்று எழுத எவ்வளவு நன்றாக இருக்கிறது.

23 மார்ச்

சண்டை. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் நானும் மகிழினியும் கையில் பேசிக்கொண்டு காய் வாங்கியதை அவர் தோஸ்து யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறான்.

“ரோட்ல நின்னுகினு கைய ஆட்டிகினு... ஊரே வேடிக்க பாக்குது. எம்பொண்ணு ஊமன்னு போர்டு மாட்டினு போறியா?”

“அந்த வார்த்தைய இன்னொரு தபா சொல்லாத.”

“அப்ப அதுக்கு இன்னா பேரு?”

“காது கேக்காது. அவ்ளோதான். பேச்சு கீது அதுக்கு. உனக்குத்தான் தெர்ல.”

சொல்லியிருக்கக் கூடாது. முகம் சுருங்கிப்போய்விட்டது மனுஷனுக்கு. சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். மகிழினி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன?” என்று கேட்டாள்.

“ஒன்றுமில்லை” என்று கையை ஆட்டினேன்.

14 ஏப்ரல்

அம்மா வீட்டில், வியாசர்பாடியில். ஊர்வலம், நீலக்கொடிகள், பறை. மகிழினி பறைக்குப் பக்கத்திலேயே நின்றாள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. “உள்ளே அடிக்குது” என்றாள். எழிலனும் பக்கத்தில்தான் நின்றார். “இன்னா சொல்லுது?” என்று கேட்டார். முதல் தடவையாகக் கேட்டார். சொன்னேன்.

28 ஏப்ரல்

வகுப்பு முடிந்து அனிஷா என்னை நிறுத்திவைத்தாள். சைகை மொழிபெயர்ப்பாளர் படிப்பு ஒன்று இருக்கிறதாம். இரண்டு வருஷம், பிளஸ் டூ போதும். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு என்று எங்கே போனாலும் தங்களுக்காகப் பேச ஆள் இல்லை என்றாள். “நீ வேகமாகக் கற்றுக்கொள்கிறாய். முக்கியமாக, நீ பொறுமையாகப் பார்க்கிறாய். படி.”

எனக்கு முப்பத்துமூன்று வயது. கிளியரிங் ஆபீசில் பில் டைப் அடிக்கிறவள். இந்த ஆபீசுக்குக் கன்டெய்னர் பேப்பர் கொண்டுவந்த டிரைவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள். படிப்பு என்ற சொல்லை என்னோடு சேர்த்து யாரும் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

அனிஷாவிடம் அவள் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அப்பா தேவப்பிரியம், தண்டையார்பேட்டையில் அரிசி மண்டி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அன்பான அப்பா, எதுவும் இல்லை என்று சொன்னதே கிடையாது. “அவர் எப்படிக் கையில் பேசுவார்?” என்று கேட்டேன்.

“பேச மாட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏதாவது வேண்டுமென்றால் ஃபோனில் எழுதிக் காட்டுவார்கள். ‘சாப்பிட வா’, ‘கதவைப் பூட்டு’.”

அவளுக்கு இருபத்துநாலு வயது.

29 ஏப்ரல்

விண்ணப்பித்துவிட்டேன். எழிலனிடம் சொல்லிவிட்டுத்தான். “படிச்சிட்டு இன்னா ஆவப்போற” என்று கேட்டார். “தெர்ல. ஆனா எனக்கு வேணும்” என்றேன்.

13 மே

நாளை நேர்காணல். பள்ளிக்கூடம் லீவு. மகிழினியைக் கீழ் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றிருந்தேன், அவர்கள் திடீரென்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். எழிலனுக்கு நாளை துறைமுகத்துக்குள் இறக்குவதோடு சரி, தூரப் பயணம் இல்லை. “வண்டில எங்கூட இட்டுனு போறேன். நீ போய்ட்டு வா” என்றார். முகம் கடுகடு என்று இருந்தாலும் அவரே சொன்னார்.

15 மே

எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நேற்று மகிழினி எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். நேர்காணல் நன்றாகப் போனது. வெளியே வந்து ஃபோனை ஆன் பண்ணினால் எழிலனிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. அவரோடு வண்டி ஓட்டுகிற ரஹீம் பாய் எடுத்தார். “பதறாதம்மா. பாப்பாவுக்கு வயித்து வலி. எழிலு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்கான். ஃபோன வண்டிலயே உட்டுட்டான். நீ நேரா அங்க போயிரு.”

ரஹீம் பாய் பிறகு சொன்னதையும் எழிலன் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போக ட்ரெய்லர் வரிசை. முன்னாலும் கன்டெய்னர், பின்னாலும் கன்டெய்னர், அசையவில்லை. காலையிலிருந்தே அவள் கேபினில் ஏதோ கையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். பசி என்று நினைத்து வரிசையில் விற்றுக்கொண்டு வந்தவரிடம் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். ஒரு வாய் தின்றுவிட்டுத் தள்ளிவிட்டாள். மறுபடி காட்டியிருக்கிறாள். பாத்ரூம் என்று நினைத்து இறக்கிவிட்டார். பிறகு சோடா. பிறகு அவள் காட்டுவதை நிறுத்திவிட்டாள். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

வாந்தி எடுத்தபோதுதான் தொட்டுப் பார்த்திருக்கிறார். உடம்பு கொதித்தது. வண்டியை ரஹீம் பாயிடம் விட்டுவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, ட்ரெய்லர்களுக்கு நடுவில் இருந்த சந்திலேயே ஓடியிருக்கிறார், ஆட்டோ கிடைக்கிற வரைக்கும். மே மாச வெயில்.

நான் போனபோது ஒரு டாக்டர் பெண் மகிழினியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசு. “குழந்தை எதுக்குமே பதில் சொல்ல மாட்டேங்குது” என்றார். என்னைக் கண்டதும் மகிழினியின் கைகள் எழுந்தன. டாக்டர் கேட்கக் கேட்க நான் கையில் கேட்டேன், அவள் சொன்னதை வாயால் சொன்னேன். எப்போது ஆரம்பித்தது? எழுந்தவுடன். முதலில் எங்கே? தொப்புள். இப்போது? கீழே, வலது பக்கம். அமுக்கும்போது வலியா, எடுக்கும்போதா? எடுக்கும்போது.

டாக்டர் உடனே ஆபரேஷனுக்குச் சொல்லிவிட்டார். குடல்வால். வெடிக்கிற நிலையில் இருந்திருக்கிறது.

எழிலன் கதவோரம் நின்றுகொண்டு எங்கள் இரண்டு பேர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வாந்தி.

நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக முடிந்தது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

16 மே

நேற்று மாலை மகிழினிக்கு நன்றாக நினைவு வந்தது. எழிலன் கட்டிலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவள் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். அப்பா பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

“இன்னா சொல்லுது?” என்று எழிலன் கேட்டார்.

அனிஷா வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்: நடுவில் நிற்கிறவள் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் மறைக்கக் கூடாது. சொன்னது அவர்களுடையது, உன்னுடையது இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். “தண்ணி கேக்குது” என்றேன்.

தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் எழுந்து நர்ஸிடம் போனார். “ஒரே ஒரு வாய் குடுத்துக்கிறேம்மா, கொயந்த கேக்குது” என்று கெஞ்சினார். நர்ஸ் முடியாது என்றாள். அடுத்த நர்ஸிடம் போனார். அவளும் திட்டினாள். திரும்பி வந்து, கர்ச்சீப்பை நனைத்து அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். அவள், எதற்கு இது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

இன்று காலை கேட்டாள்: “நான் சொன்னதற்கு அப்பா என்ன சொன்னார்?”

அவளுக்கு ஒரு பதில் வர வேண்டியிருக்கிறது. என்னால்தான் வரவில்லை.

எழிலனை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். நேற்று தண்ணி கேக்கல, இத்தத்தான் சொன்னா என்று அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ரொம்ப நேரம், பரோட்டா எல்லாம்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்:

“வலிக்குதுன்னா எப்டி காட்டணும்?”

காட்டினேன்.

“எங்கன்னா?”

காட்டினேன். அவர் தப்பாகச் செய்தார். இரண்டு கை விரல்களிலும் ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு, மடங்கவே இல்லை. மறுபடி செய்தார். உள்ளே போய்க் கட்டிலருகே மண்டியிட்டு, “வலி? எங்கே?” என்று கேட்டார். கையில்.

மகிழினி அவரையே பார்த்தாள். பிறகு வயிற்றைக் காட்டிவிட்டு, கொஞ்சம்தான் என்று விரலைக் காட்டினாள்.

“கொஞ்சம்தானா?” என்று என்னிடம் கேட்டார்.

“கொஞ்சம்தான்.”

அப்புறம்தான் அழுதார்.

22 மே

வீட்டுக்கு வந்துவிட்டோம். எழிலன் லோடு எடுக்கவில்லை. தினம் பத்துச் சொல் என்று கேட்டு வாங்குகிறார். இன்று, “எனக்கு இன்னா பேரு வச்சிருக்குது கேளு” என்றார். கேட்டேன். அவள் மேலுதட்டில் இரண்டு பக்கமும் விரலை முறுக்கிக் காட்டினாள். மீசை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். எப்போதும் அதுதான் என்றாள்.

கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

27 மே

இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் சேர வேண்டும்.

எழிலனிடம், வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் அன்றைக்கு நேர்காணலுக்குப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். இரண்டு வருஷம், தினமும் காலையிலிருந்து வெளியே இருக்க என்னால் ஆகாது. அவர் “ஏன்?” என்றுகூடக் கேட்கவில்லை. “உன் இஷ்டம்” என்றார். அதே வார்த்தை. ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் எழுதிப் போடவில்லை. நாளைக்கு.

2 ஜூன்

நாளைக்கு.

9 ஜூன், ஞாயிறு

அனிஷா ஒரு உதவி கேட்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அப்பா விடவில்லை. ஃபோனில் எழுதிக் காட்டினால் “வேண்டாம்” என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறாராம். “எனக்காக ஒருமுறை என் அப்பாவிடம் பேசு. உன் வார்த்தை வேண்டாம். என் வார்த்தை.”

எழிலன் பைக்கில் கொண்டுபோய் விட்டார். மண்டிக்கு லீவு. மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டுத் தேவப்பிரியம் ஐயா உட்கார்ந்திருந்தார். அனிஷாவின் அம்மா ஞானபாக்கியம் மோர் கொண்டுவந்து வைத்தார். எழிலன் வாசல் பக்கம் மூட்டையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

அனிஷா தொடங்கினாள். நான் “நான்” என்றே சொன்னேன், அப்படித்தான் சொல்ல வேண்டும். “அப்பா, எனக்கு அந்த வேலை வேணும். அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு நான் வேணும்.”

அவர் என்னைப் பார்த்து, “அவ தனியா எப்படிம்மா இருப்பா? யாரு பாத்துக்கிடுவா?” என்றார்.

“ஐயா, என்னைப் பாக்காதீங்க. அவங்களப் பாத்துச் சொல்லுங்க.”

அவருக்கு அது கஷ்டமாக இருந்தது. திரும்பித் திரும்பி என்னிடமே வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் அனிஷாவைக் காட்டினேன். “நா என்ன, அவள அடிச்சனா, ஏசுனனா? இந்த வீட்டுல என்ன கொறை?” என்றார் கடைசியில், மகளைப் பார்த்து.

அனிஷாவின் கை வேகமானது. எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் தடுமாறவில்லை.

“குறை இல்லை. தினமும் உங்க எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுறேன். நீங்க பேசுறீங்க, சிரிக்கிறீங்க. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு கேட்டா ‘ஒண்ணுமில்ல’ன்னு கைய ஆட்டுறீங்க. அப்பாவுக்குத் தெரிஞ்ச சைகை அது ஒண்ணுதான். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ இருந்து.”

ஞானபாக்கியம் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஐயா மெல்ல, “ஒண்ணுமில்லதாம்மா” என்றார். “ஏதாவது சின்ன விசயமாத்தான் இருக்கும். ஆட்டோக்காரன் சொன்னது, பக்கத்துக் கடைக்காரன் சொன்னது. சொல்லதுக்கு என்ன கெடக்குன்னு விட்டுட்டேன்.”

அப்படியே கையில் சொன்னேன். அனிஷா, “எனக்கு அதுதான் வேணும். பெரிய விஷயம் எல்லாம் எழுதிக் காட்டிட்டீங்க” என்றாள்.

அவர் எழுந்து போகவில்லை. அதுவே பெரிது. “என்னைக்குச் சேரணும்னு கேளும்மா” என்றார். கேட்கத் தொடங்கியவள் நிறுத்திக்கொண்டு அனிஷாவைக் காட்டினேன். அவர் மகள் பக்கம் திரும்பி, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, “என்... னைக்... கு?” என்றார். “நானும் கூட வாரேன். எடத்தப் பாக்கணும்லா.”

திரும்பும்போது எழிலன் பைக்கை நேராக வீட்டுக்கு விடவில்லை. கடலோரமாக, பாறை கொட்டியிருக்கிற இடத்தில் நிறுத்தினார். காசிமேட்டுப் பக்கம் படகுகள் தெரிந்தன.

“அந்த மன்ஷன் கெட்டவரு இல்ல” என்றார்.

“இல்ல.”

“எம்மாதிரிதான்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “இரு. நானே சொல்றேன். அன்னிக்கு நீ இன்டர்வியூ போனதால ஒண்ணும் ஆவல. எனக்குத் தெரியாததால ஆச்சு. அதுக்கு நீ எதுக்குப் படிப்ப உடணும்?”

“மகிழினிய யாரு பாத்துக்குவா?”

“நானு.”

“லோடுல போய்கினு எப்டி?”

“மீஞ்சூர் யார்டுல பகல் ஷிஃப்ட்டு ஆள் கேக்குறாங்க. அங்கியே கன்டெய்னர மாத்தி மாத்தி வைக்கிற வேல. லாங்கு ஓட்றவனுக்கு அது பேஜாருதான். சாயங்காலம் வூட்ல இருக்கலாம்.” பிறகு, “எழுதிப் போட்டுட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“போடாத.”

1 ஜூலை

சேர்ந்துவிட்டேன். வகுப்பில் நான்தான் மூத்தவள். பக்கத்தில் உட்காருகிற பிள்ளை என்னை “ஆன்ட்டி” என்றது. இருக்கட்டும்.

கிருஷ்ணப்பன் சார் சனிக்கிழமைகளில் மட்டும் வந்து பில் அடித்துக் கொடு என்று சொல்லியிருக்கிறார். மகிழினியை ராயபுரத்தில் காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டோம். முதல் நாள் உள்ளே போனவள் திரும்பியே பார்க்கவில்லை.

14 ஜூலை

அனிஷா கிளம்பினாள். சென்ட்ரலில் வழியனுப்பினோம். கூடவே அவள் அப்பாவும் போகிறார், ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாராம். ஜன்னலோரம் உட்கார்ந்து மகளிடம் ஏதோ கேட்க முயன்றுகொண்டிருந்தார். “டீ” மட்டும் எனக்குப் புரிந்தது. ஞாயிறு வகுப்பை இனி அவள் தோழன் ஹுமாயூன் எடுக்கிறான்.

ரயில் போனபிறகு மகிழினி அழவில்லை. நான்தான்.

8 செப்டம்பர்

இன்று ஞாயிறு வகுப்புக்கு எழிலனும் வந்தார். ஒரே அப்பா. கடைசி நாற்காலி. ஹுமாயூன் அவரை எழுப்பிப் பேர் கேட்டான். எழுத்து எழுத்தாக விரலில் சொன்னார். ‘ழ’வில் மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

19 நவம்பர்

தேர்வில் ஒரு பாடம் போய்விட்டது. மறுபடி எழுதலாம் என்றார்கள். நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது, இரண்டு முறை படித்தால்தான் மண்டையில் ஏறுகிறது. வீட்டுக்கு வந்து சொன்னேன். எழிலன் அதை மகிழினியிடம் அவராகவே சொல்லிவிட்டார். அவள் வந்து என் தலையைத் தட்டிக்கொடுத்தாள். பெரிய மனுஷி.

6 ஜனவரி 2025

எழிலன் அவளிடம் “ப்பா” சொல்லச் சொல்லிக் கேட்டே எத்தனையோ மாசம் ஆகிவிட்டது. இன்றுதான் எனக்கு உறைத்தது. வருத்தமா என்று கேட்டேன். “எப்பவாச்சும்” என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவர்மேல் இன்னும் பிரியம் கூடிற்று.

11 பிப்ரவரி

முதல் களப்பயிற்சி. அரசு ஆஸ்பத்திரி, மகப்பேறு வார்டு. காது கேளாத ஒரு பெண்ணுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றேன். எதையும் சேர்க்கவில்லை. எதையும் மறைக்கவில்லை. அங்கே நடந்ததை எழுதக் கூடாது. வெளியே வந்து இரண்டு டீ குடித்ததை எழுதலாம்.

18 மார்ச், செவ்வாய்

பயிற்சி முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. கதவைத் திறந்தால் நடுக் கூடத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது, கொஞ்சமும் சத்தமில்லாமல்.

மகிழினி கணக்குப் போடாமலே போட்டுவிட்டதாகப் பொய் சொல்லியிருக்கிறாள். எழிலன் பையைத் திறந்து பார்த்துவிட்டார். யார்டு சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று திட்டிக்கொண்டிருந்தார். “பொய்” என்பதற்கு அவர் கை வேறு எதையோ காட்டியது. மகிழினி அழுதுகொண்டே அவர் விரலைப் பிடித்துச் சரியாக வைத்துவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து எதிர்த்துப் பேசினாள். அவர் சரியான சைகையில் இன்னொரு தடவை “பொய்” என்றார். அவள் “மீசைதான் பொய்! போன வாரம் பீச்சுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னது?” என்றாள். “அது மழை!” என்றார். “மழை இல்லை, தூறல்!” என்றாள்.

நான் பையை வைத்துவிட்டு, என்ன விஷயம் என்று நடுவில் போனேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னை நோக்கிக் கையைக் காட்டினார்கள். நீ இரு.

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்த பிறகும் அவர்கள் முடிக்கவில்லை.